எலக்ட்ரிக் ஃபுட்பால்: 1949-லிருந்து உண்மையில் மாறியது எது?

மஞ்சள்கொடி எழுதியது:

எலக்ட்ரிக் ஃபுட்பால் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலை மேசை மேல் ஆடும் விளையாட்டு: மைதானம் அச்சடித்த தகரப் பலகை, பக்கத்துக்கு 11 குட்டி ஆட்கள், சுவிட்சைப் போட்டால் பலகை அதிரும், ஆட்கள் தாமாக நகர்வார்கள். ஆறு மாதமாக இதே நினைப்பாக இருக்கிறேன். பழைய செட் ஒன்றும் புதிய செட் ஒன்றும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பழையதும் தகரம், புதியதும் தகரம். இரண்டுக்கும் அடியில் ஒரு மின்காந்தம், இரண்டும் ஒரே மாதிரி விர்ர்ரென்று இரைகின்றன. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அப்படியே இருக்கிறதென்றால், இதன் வரலாற்றில் புதுமை என்று எதைச் சொல்வது? நிறுவனங்கள் செய்ததா, ஆடுகிறவர்கள் செய்ததா?

இன்னொன்று. என் ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடும் ஆள்) நேராகக் கிளம்பி, பலகையில் அச்சடித்த கோட்டுக் கணக்கில் பத்து கெஜம் போவதற்குள் இடது பக்கமாக வளைந்து வட்டமடிக்க ஆரம்பித்துவிடுகிறான். பழைய செட்டை விற்றவர் ஒருமுறைகூட ஆடாதது என்றுதான் சொன்னார், ஆனால் ஆட்கள் நிற்கும் பிளாஸ்டிக் அடித்தட்டுகளை, அதாவது பேஸ்களை, திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடக்கின்றன. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. சரிசெய்ய வழி உண்டா?

சுருள்கம்பி எழுதியது:

பலகை மாறவில்லை என்பது சரிதான். முதல் யோசனையே கச்சிதமாக அமைந்துவிட்டது, அதனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அதில் கைவைக்கவில்லை.

நார்மன் சாஸ் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1948-ல், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், நியூயார்க்கில் இருந்த டியூடர் மெட்டல் ப்ராடக்ட்ஸ் என்ற குடும்ப நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதிரும் தகரத்தின் மேல் கார்கள் ஓடும் பந்தய விளையாட்டு ஒன்றை அந்த நிறுவனம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. அதே அதிர்வை வைத்து ஃபுட்பால் ஆட்களை ஓட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது, 1949-ல் முதல் செட் விற்பனைக்கு வந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கார் பந்தயத்தில் எல்லாம் ஒரே திசையில் போகும். ஃபுட்பாலில் 11 பேர் இந்தப் பக்கமிருந்தும் 11 பேர் அந்தப் பக்கமிருந்தும் வந்து முட்ட வேண்டும். பலகைக்கு மேல்கீழாகக் குதிக்க மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கம் போவது என்று அது யாருக்கும் சொல்லாது. அதனால் திசை ஒவ்வொரு ஆளின் காலடியிலும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். பேஸுக்கு அடியில் பின்பக்கமாகச் சாய்ந்த மெல்லிய பற்கள் இருக்கின்றன அல்லவா, பலகை மேலே வரும்போது அவை வளைந்து ஆளை முன்னால் தள்ளும், பலகை கீழே இறங்கும்போது பிடி விட்டு வழுக்கிவிடும். அடுத்த அதிர்வில் மறுபடியும் அதே தள்ளல். ஒரு தள்ளலில் நகரும் தூரம் கண்ணுக்கே தெரியாது.

எத்தனை தள்ளல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, ஒரு சுற்றில் மின்காந்தம் தகரத்தை இரண்டு முறை இழுக்கும், ஆக நொடிக்கு 120 அதிர்வு. அதே செட்டை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால் 100 தான், இரைச்சலே கொஞ்சம் கட்டைக் குரலாகக் கேட்கும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 120 வோல்ட் செட்டை நேராக 230-ல் செருகிவிடாதீர்கள், சுருள் கருகிப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, அதனால் அந்த வேகக் குறைவு இருந்துகொண்டேதான் இருக்கும்.

அஞ்சுபோஸ் எழுதியது:

சுருள்கம்பி சொன்ன இயந்திர விவரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த விளையாட்டை இவ்வளவு வருடம் வாழவைத்தது உருவங்கள்தான் என்று அடித்துச் சொல்வேன்.

தொடக்க காலத்தில் ஆட்கள் தட்டையானவர்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு மாதிரி இருக்கும். டியூடருக்குப் போட்டியாக நியூயார்க்கிலேயே கோத்தம் பிரஸ்டு ஸ்டீல் என்ற நிறுவனம் இருந்தது, 1960-களின் தொடக்கத்தில் என்.எஃப்.எல். (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) பெயரோடு செட் விட்டது அவர்கள்தான். பலகையைச் சுற்றிப் பார்வையாளர் அரங்கம் எல்லாம் வைத்து, தோற்றத்தில் டியூடரைவிட ஒரு படி மேலே போனார்கள். அப்புறம் டியூடருக்கு லீ பெய்ன் என்ற வடிவமைப்பாளர் கிடைத்தார். 1967-ல் என்.எஃப்.எல். உரிமம் டியூடர் கைக்கு வந்தபோது வெளிவந்த ஆட்களை வடிவமைத்தவர் அவர்தான். எதிரணியை முட்டித் தள்ளக் குனிந்து நிற்கும் முன்வரிசை ஆளான லைன்மேன், பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவன் என்று ஐந்து நிலைகள். சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றை ‘ஃபேப் ஃபைவ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

காலமும் ஒத்துழைத்தது. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முதல் தடவை நடந்தது 1967 ஜனவரியில். அந்த வருடமே, டி.வி.யில் பார்த்த அணியின் உண்மையான நிறங்களோடு ஆட்கள் மேசைக்கு வந்தார்கள், சியர்ஸ் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் பெரிய படத்தோடு வந்தார்கள். அதுவரை சிவப்பு அணி, மஞ்சள் அணி என்று ஆடிய பையனுக்கு கிரீன் பே பேக்கர்ஸ் போன்ற நிஜ அணி கையில் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்! என்னிடம் அந்தக் காலத்து லைன்மேன் ஒருவன் இருக்கிறான். ஹெல்மெட்டின் நடுக்கோடு ஒரு பக்கமாகக் கோணிப் போயிருக்கும், யாரோ தூரிகையால் ஒரே இழுப்பில் போட்டது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு முடியும் இடத்தில் தூரிகையின் ஒரு மயிர்கூட ஒட்டியிருப்பது தெரியும். அவனை மட்டும் ஆட இறக்கவே மாட்டேன்.

இன்று சேகரிப்பவர்கள் சட்டை எண், சாக்ஸ் பட்டை வரை தாங்களே வண்ணம் தீட்டி ஒட்டுகிறார்கள் என்றால் அந்த ஆசையை விதைத்தது 1967 தான்.

குறடு எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் நல்ல தகவல்கள். ஆனால் மஞ்சள்கொடி கேட்டது புதுமை எது என்று, அதற்கு நான் பேஸைத்தான் காட்டுவேன், அதிலும் பாதிப் பெருமை ஆடியவர்களுக்கே போக வேண்டும்.

பழைய பேஸில் ஆளை எப்படி வைத்தாலும் அவன் இஷ்டத்துக்குத்தான் போவான். திட்டம் போட்டு வரிசையாக நிறுத்திவிட்டு, சுவிட்சைப் போட்டதும் 22 பேரும் நடுவில் ஒரு குவியலாகச் சேர்ந்து சுற்றுவதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு டியூடர் கொண்டுவந்த தீர்வு டி.டி.சி. பேஸ், ‘டோட்டல் டீம் கன்ட்ரோல்’ என்று பெயர் வைத்தார்கள். பேஸுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம், பற்கள் அதில் இருக்கும், சக்கரத்தைத் திருப்பினால் ஆள் இடது, வலது, நேர் என்று போவான். என்னைக் கேட்டால் 1949-க்குப் பிறகு எந்த நிறுவனமும் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான். அப்போதுதான் பிளே, அதாவது ஆட்டத் திட்டம் என்று ஒன்றை வரைய முடிந்தது, வழியடைத்துக் கொடுக்கும் ‘கார்ட்’ என்ற லைன்மேனை வெளிப்பக்கம் வளையவிட்டு ரன்னிங் பேக்கை அவன் பின்னால் அனுப்ப முடிந்தது. த்ரீ இன் ஒன் மாதிரி ஓட்டம், பாஸ், கிக் மூன்றும் செய்யும் ‘ட்ரிப்பிள் த்ரெட்’ குவாட்டர்பேக்கும் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆள்) டியூடருடையதுதான். சுவிட்சை நிறுத்தி, அவனை வைத்து, அவன் கையில் உள்ள நெம்புகோலைச் சுண்டி, அந்தக் குட்டி ஃபெல்ட் பந்தை எறிந்து, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் மேல் பட வைக்க வேண்டும். அது கைவர மாதக்கணக்கில் பழக வேண்டும்.

1977-ல் மேட்டல் நிறுவனம் கையடக்க எலக்ட்ரானிக் ஃபுட்பால் விட்டது, பின்னாலேயே வீடியோ கேம் வந்தது, தகரப் பலகைகள் பரணுக்குப் போயின. 1990-களில் மிகிள் டாய்ஸ் அதை மறுபடி உயிர்ப்பித்து, போட்டிகளும் நடத்தியது. 2012-ல் அது கைமாறி டியூடர் கேம்ஸ் என்ற பழைய பெயரே திரும்பி வந்தது. அதே வருடம்தான் நார்மன் சாஸும் 87 வயதில் காலமானார்.

ஆனால் நிறுவனங்கள் சோர்ந்து கிடந்த வருடங்களிலும் ஆடியவர்கள் நிறுத்தவில்லை. பேஸின் பற்களைக் குறடால் துளித்துளியாக வளைத்து ஒருவனை வேகக்காரனாகவும் இன்னொருவனைப் பலசாலியாகவும் ஆக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். ஒரே பெட்டியில் வந்த ஒரே மாதிரி பிளாஸ்டிக், ஆனால் ஒன்று 100 கெஜத்தை வேகமாகக் கடக்கும், இன்னொன்று ஊர்ந்தபடி எதிரில் நிற்பவனை அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு பேஸையும் சோதித்து நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். எடை கூடக்கூடத் தள்ளும் சக்தி கூடும் என்பதால் பல லீக்குகள் ஒரு ஆளுக்கு 4 கிராம் என்று உச்சவரம்பே வைத்துவிட்டன. எதிராளியின் பேஸ் முன்பக்கம் பட்டால்தான் டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவனை மடக்கியதாகக் கணக்கு என்பது போன்ற விதிகளும் இப்படி ஆடி ஆடி உருவானவைதான்.

இனி உங்கள் ரன்னிங் பேக். இடது பக்கம் வளைகிறான் என்றால் வலது பற்கள் இடதைவிட அதிகம் தள்ளுகின்றன என்று அர்த்தம். முதலில் பலகை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் குற்றம் மேசையுடையதுதான். அது சரி என்றால் பேஸை வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்துப் பற்களின் சாய்வை ஒப்பிடுங்கள். சூடான நீரில் சில நொடி நனைத்தால் பிளாஸ்டிக் இளகும், அப்போது குறடால் மெல்லத் திருத்தி, குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நிற்கும். ஒரே தடவையில் அதிகம் வளைக்காதீர்கள், முறிந்துவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பலகையில் ஓட்டிப் பாருங்கள். முழுக்கத் தேய்ந்துபோன பற்களோடு போராட வேண்டாம், பேஸையே மாற்றிவிடுங்கள், பழைய உருவங்கள் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

மஞ்சள்கொடி எழுதியது:

குறடு அண்ணா, ரொம்ப நன்றி. மேசை மட்டமாகத்தான் இருந்தது. பேஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இடது முன்பல் ஒரு நூல் அளவு மேலே தூக்கியபடி நின்றது, அது பலகையைத் தொடவே இல்லை. நீங்கள் சொன்னபடி சூடான நீரில் நனைத்து இரண்டு தடவை திருத்தினேன். முதல் தடவை வலது பக்கம் வளைய ஆரம்பித்தான். இரண்டாவது தடவை 20 கெஜக் கோட்டில் வைத்து ஓட விட்டேன், எதிர்ப்பக்க 35 வரை நேராகப் போனான், அதற்கப்புறம்தான் லேசாகத் திரும்பினான்.

அஞ்சுபோஸ், அந்தக் கோணல் கோட்டு லைன்மேனின் படம் இருந்தால் போடுங்களேன்.