மாருதி 800: பின்பக்க பிரேக் பைப் கசிகிறது, ஜாயின்ட் போட்டால் போதுமா?

கோபி தோட்டம்:
வணக்கம்ங்க. 2003 மாடல் மாருதி 800, எங்க அப்பிச்சி ஓட்டிய வண்டி. கொஞ்ச நாளாகவே பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்குகிறது, ஊற்றினால் மறுபடியும் இறங்குகிறது. நேற்று பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, விட்டு விட்டு மிதித்தால்தான் பிடிக்கிறது. அடியில் படுத்துப் பார்த்தால் பின்சீட்டுக்கு நேர் கீழே, பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப் பக்கத்தில் ஈரம். விரலால் சுரண்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கசிகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு நடுவில் பித்தளை ஜாயின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார் இங்கே ஒரு மெக்கானிக். தாளவாடியில் ஒரு விசேஷம், திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்கணும். ஜாயின்ட்டோடு போகலாமுங்களா?

அந்தியூரான்:
தம்பி, வண்டியை இப்போதைக்கு எடுக்கவே எடுக்காதீங்க. ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு சர்க்யூட், அதாவது தனித்தனியாக இரண்டு ஆயில் வழி இருப்பதால்தான் ஒன்று ஒழுகியும் இன்னும் பிடிக்கிறது, ஆனால் அந்தப் பாதி பிரேக்கை நம்பி ரோட்டில் இறங்க முடியாது. அந்த ஈரம் பிரேக் ஆயில்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கலந்து கரைந்துவிடும், இன்ஜின் ஆயில் என்றால் மிதக்கும். அப்புறம் நாலு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்க. பின் டிரம் ஓரத்தில் ஈரம் இருந்தால், உள்ளே பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரும் போயிருக்கும்.

சென்னிமலை:
ஜாயின்ட் ஒன்றும் மோசமில்லை. எங்க ஆம்னியில் போட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முழு பைப் மாற்றினால் செலவு.

கணபதி லேத்:
அண்ணா, தப்பாக நினைக்காதீங்க, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டயரில் நாம் அடிக்கிற காற்று 30 பி.எஸ்.ஐ. அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் இந்தப் பைப்புக்குள் ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும். தண்ணீர் லைனுக்குப் போடுகிற மாதிரி அமுக்கிப் பிடிக்கிற ஜாயின்ட் அதைத் தாங்குகிற சாமான் இல்லை. அதைவிட முக்கியம், பைப் ஒரு இடத்தில் ஓட்டையாகி இருக்கிறது என்றால் மற்ற கிளிப்புகளுக்கு அடியிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். கிளிப்புக்குள் சேறு தங்கி, ஈரம் காயாமல், உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கடல் பக்கத்தில் இல்லையே, நமக்கு எதற்குத் துரு என்று கேட்கிறார்கள். போர் தண்ணீரின் உப்பில் வண்டி கழுவுகிறோம், யூரியா மூட்டை ஏற்றுகிறோம், கட்டுத்தறி பக்கத்திலேயே நிறுத்துகிறோம், இவ்வளவும் இரும்புக்கு ஆகாது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்பக்க ரப்பர் ஹோஸ் வரைக்கும் முழு பைப்பாக மாற்றுங்க. கழற்றுகிற பழைய பைப்பைத் தூக்கிப் போடாமல் அளவுக்கும் வளைவுக்கும் மாதிரியாகக் கொடுங்க. பைப் முனையை விரித்து மடிக்கிற பிளேரை இரட்டை மடிப்பாக அடிக்கணும், ஒற்றை மடிப்பு என்றால் வெடிப்பு விடும். பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கிடைக்கிற செம்புப் பைப் வேண்டவே வேண்டாம், வளைக்கச் சுலபம்தான், ஆனால் அதிர்வில் நாளாக நாளாக இறுகிப்போய் விரிசல் விடும். நிக்கல் கலந்த செம்புப் பைப், பிரேக்குக்கென்றே வருவது, அது தாராளமாகப் போடலாம், துருவும் பிடிக்காது.

நட் கழற்றும்போது பொறுமை வேணும். முதல் நாளே துரு விடுகிற ஸ்பிரே அடித்து ஊற விடுங்க. சாதா ஸ்பேனர் போட்டால் நட் முனை மழுங்கிவிடும், நட்டைச் சுற்றிப் பிடிக்கிற பிளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்க. நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, நட்டில் சாக்கெட் ஸ்பேனர் போட்டுக் கழற்றுங்க. பைப் எப்படியும் போகப்போவதுதானே.

கோபி தோட்டம்:
அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு மற்ற கிளிப்புகளையும் நகர்த்திப் பார்த்தேன். பின் அச்சுக்கு முன்னால் இருக்கிற கிளிப்புக்கு அடியில் பைப் தாள் மாதிரி மெலிந்திருக்கிறது, இன்னும் ஒழுகவில்லை அவ்வளவுதான். முழுசாகவே மாற்றிவிடுகிறேன். வண்டியை ரிக்கவரியில் ஏற்றித்தான் கொண்டுபோகப் போகிறேன். விசேஷத்துக்கு பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். ரப்பர் ஹோஸையும் மாற்றணுமுங்களா? பைப்புக்குள் புகுந்த ஏரை எடுக்கும்போது எதைக் கவனிக்கணும்?

அந்தியூரான்:
ஹோஸை வளைத்துப் பாருங்க, மேலே வெடிப்புத் தெரிந்தாலோ, மிதிக்கும்போது உப்பினாலோ மாற்றிவிடணும். இவ்வளவு வயசான வண்டிக்கு நான் என்றால் கேட்காமலே மாற்றுவேன்.

ஆயில், டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், சீல் உடைக்காத புது பாட்டில். திறந்து வைத்தது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் கொதிக்க 205 டிகிரியாவது ஆகணும், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி, இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும். பிரேக் சரியாக இருந்தாலும் இரண்டாவது கியரில்தான் இறங்கணும்.

ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற பின் சக்கரத்திலிருந்து ஆரம்பிங்க. ஒருத்தர் மிதித்துப் பிடிக்கணும், ஒருத்தர் சக்கரத்தின் உள்பக்கம் காற்று விடுகிற நிப்பிளைத் திறந்து மூடணும், மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். நடுவில் டப்பா காலியாக விடாதீங்க, காற்று ஏறினால் முதலிலிருந்து வரணும். ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடித்தபடி இருங்க, மெதுவாக உள்ளே இறங்கினால் இன்னும் எங்கோ கசிகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப் போயிருக்கிறது. இறங்காமல் நின்றால் ஒவ்வொரு நட்டிலும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்க, அப்புறம் தோட்டத்துப் பாதையிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்க.