மைனஸ் மார்க்குக்குப் பயந்து விட்டுவந்த கேள்விகள்

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதும் நீட் பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் வழிவழியாக ஒரு உபதேசம் உண்டு: "தெரியாததைத் தொடாதே." அறைத்தோழன்தான் மெஸ் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அதை உடைத்தான். கேள்விக்கு நாலு ஆப்ஷன்; சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலு கேள்வியைக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக ஒன்று சரி. 4 வந்து 3 போக, 1 மிச்சம். தப்பென்று தெரிந்த ஒரு ஆப்ஷனை வெட்ட முடிந்தால் மூன்று கேள்விக்கு 2 மிச்சம். இரண்டை வெட்டினால் இரண்டு கேள்விக்கே 3! அதிலிருந்து ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

2023-ல் கட்-ஆஃபை பூஜ்ய பர்சன்டைலுக்கு, அதாவது எழுதிய எல்லோருக்கும் தகுதி என்ற அளவுக்கு, இறக்கினார்களே, மைனஸ் 40 எடுத்தவருக்கும் தகுதி கிடைத்தது. அவர் 200 கேள்வியையும் அடித்திருந்தால் 32 சரி என்று அர்த்தம். சீட்டுக் குலுக்கிப் போட்டாலே 50 பக்கம் சரியாகும்.

---

அண்ணா, இதை அப்படியே ஐஎன்ஐ-செட்டுக்கு, அதான் எய்ம்ஸ் மாதிரி இடங்கள்ல மேற்படிப்புக்கு எழுதற தேர்வுக்கு, தூக்கிட்டுப் போயிடாதீங்க. அங்க சரிக்கு 1, தப்புக்கு மூணில் ஒரு பங்கு போகும். குருட்டடி அடிச்சா சராசரி பூஜ்யம்தான். ஒரு ஆப்ஷனாவது வெட்ட முடிஞ்சாதான் நான் தொடுவேன், அதுவும் லாபம் கொஞ்சம்தான். ரெண்டு வெட்டினா யோசிக்கவே வேண்டாம்.

---

நான் பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிச்சிட்டு, வெளிநாட்டில் படிச்சவங்க இங்க எழுதற எஃப்எம்ஜிஇ தேர்வை எழுதினவ. 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ், மைனஸே கிடையாது. அப்படியிருந்தும் என் தோழி ஒருத்தி சில கேள்விகளை விட்டுட்டு வந்தா. ஏன்டின்னு கேட்டா, "தெரியலையே, எப்படிப் போடறது"ங்கறா! நான் கடைசி அஞ்சு நிமிஷத்தை இதுக்குன்னே ஒதுக்கி, மிச்சமிருந்த அத்தனைக்கும் 'சி' போட்டேன்.

---

மேடம், அந்தக் கடைசி அஞ்சு நிமிஷ வித்தை இப்போ நீட் பிஜியில் வேற மாதிரி. 2024-லிருந்து 40 கேள்விக்கு 42 நிமிஷம், இப்படி அஞ்சு பகுதி. நேரம் முடிஞ்சா அந்தப் பகுதி மூடிடும், திரும்பிப் போக வழியில்லை. அதனால நான் முதல் சுற்றுலயே ஏதாவது ஒரு பதிலை அழுத்திட்டுத்தான் மறுபார்வைக்குக் குறிச்சு வைப்பேன். நேரம் இருந்தா மாத்திக்கலாம். இல்லேன்னாலும் வெறுமனே கிடக்காது. பீடியாட்ரிக்ஸ் கேள்விங்கதான் எனக்கு எப்பவும் அப்படி மாட்டும்.