பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கடன் வாங்கலாமா, கையிருப்புக்குள் சிறிது சிறிதாகச் செய்யலாமா?

ஆரூரான்:
அப்பா 1989-இல் திருவாரூருக்கு அருகே கட்டிய 750 சதுர அடி கான்கிரீட் வீட்டில், அம்மாவும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் இருக்கிறோம். கூடத்தின் உட்கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. குளியலறையின் இரும்புக் குழாய்கள் துருவேறி, தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. முழு வீட்டையும் புதுப்பிக்க மேஸ்திரி 7,50,000 ரூபாய் கேட்கிறார். கையில் இருப்பதோ 2,50,000. மீதிக்குக் கடன் வாங்கி ஒரே மூச்சில் முடிப்பதா, இருப்பதைக் கொண்டு படிப்படியாகச் செய்வதா என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி.

கணக்குப்பிள்ளை:
கடன் வேண்டாம். 5 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 10,625 ரூபாய். வட்டியாக மட்டும் 1,37,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்று சொல்வார்கள். பழைய வரிமுறையில் இருப்பவருக்கும், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிக்க முடியும். புதிய வரிமுறையில் அதுவும் இல்லை.

முதல் பணம் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். தளத்தில் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. மேலே நீரை நிறுத்தாமல் கீழே எத்தனை முறை பூசினாலும் அது மறுபடியும் விழும்.

மீனாட்சி:
கூரைதான் முதலில் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படிப்படியாகச் செய்வது சிக்கனம் என்பதை என் அனுபவம் ஏற்கவில்லை. நாங்கள் 2016-இல் குளியலறைக்கு மட்டும் ஓடு பதித்தோம். மூன்றாண்டு கழித்து உள்ளே இருந்த பழைய குழாய் ஒழுகியபோது அந்த ஓடுகளையே உடைத்தோம். உடைப்புக் கூலி, இடிபாடு அள்ளும் வண்டி வாடகை, கொத்தனார் கூலி எல்லாவற்றையும் இரண்டு முறை கொடுத்தோம். அந்த இரட்டைச் செலவு வட்டிக் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று. முதல் பணம் மாடிக்கு என்று சொல்லிச் சமையலறையைக் கடைசிக்குத் தள்ளினால், அது ஆண்கள் போடும் கணக்காகவே எனக்குப் படும். ஓதமேறிய சுவருக்கும் இடுப்பு ஒடியும் தாழ்ந்த மேடைக்கும் நடுவே ஒருத்தி நாள்தோறும் நான்கு மணி நேரம் நின்றால், அதை அலங்காரச் செலவு என்று ஒதுக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
அம்மா, குழாயைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறையும் குழாயையும் மின்கம்பியையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும். சமையல் மேடையை உயர்த்துவதும் தேவைதான். பழைய கடப்பைக் கல்லையே கழற்றி உயர்த்திப் பதிக்கலாம். நான் மறுப்பது பலகை அலமாரிகளையும் பொய்க்கூரையையும்தான். அவை பிறகு வந்தாலும் எதையும் உடைக்க வேண்டியதில்லை. தேக்கு நிலையும் கதவும் இருந்தால் இழைத்து மெருகேற்றினால் போதும். மேஸ்திரியின் மதிப்பீடு எப்போது போட்டது என்றும் பாருங்கள். சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

கரணை:
கொத்தனார் வீட்டுப் பிள்ளை என்பதால் ஒரு சொல். செலவைப் பேசுவதற்கு முன் உட்கூரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக, அதாவது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கும் இடமெல்லாம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே கலவை வைக்க வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் பொறியாளரை அழைக்காமல் கை வைக்காதீர்கள். மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நீர் வழிய வாட்டம் (சரிவு) கொடுத்துத் தட்டையான மாடி ஓடு பதிப்பதாக இருந்தால், அதை நனைத்து நனைத்து இறுக விடப் பல நாள் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிகிற மாதிரி தொடங்குங்கள்.

ஆரூரான்:
தட்டிப் பார்த்தேன், மூன்று இடங்களில் பொள்ளல் ஒலி கேட்டது. மாடி, உட்கூரை, குழாய், மின்கம்பி, மேடை ஆகியவற்றுக்கு மட்டும் தனியாகக் கேட்டதில் மேஸ்திரி 3,60,000 சொன்னார். குறைகிற 1,10,000-க்கு மனைவி நகையை அடகு வைக்கலாம் என்கிறாள்.

கணக்குப்பிள்ளை:
மின்கம்பியைக் குழாயோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லியிருந்தாலும், பணம் போதாததால் குறைகிற தொகையை மேடைக்கும் மின்கம்பிக்கும் உரியதாக வைத்து, அந்த இரண்டையும் தைக்குப் பிறகு செய்யுங்கள், நகையைத் தொடாதீர்கள்.

மீனாட்சி:
நான் இதற்கு உடன்படவில்லை. ஓராண்டுக்குள் மீட்கக்கூடிய சிறு தொகை இது. கொத்தனார் வீட்டில் நிற்கும்போதே மேடையை உயர்த்திவிடுங்கள். அங்கே நின்று சமைக்கிறவரே நகையைக் கொடுக்கிறேன் என்று சொல்லும்போது, அவர் சொல்லுக்குத்தான் நான் எடை கொடுப்பேன்.