மதிய நிழல் தெற்கே விழுந்த படம்

நிழலை வைத்துத் திசை சொல்வது பற்றி இங்கே பேச்சு வந்ததால் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே வெல்லாவெளிப் பக்கம் எடுத்த ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். முன்புறம் பச்சை வயல், அதற்கு அப்பால் காய்ந்த வட்டையில் (வயல்வெளியில்) மாடுகள் மேய்கின்றன, பின்னால் மங்கலாக மலை, வரம்போரம் ஒரு மின்கம்பம், அதன் நிழல் குட்டையாக இடப்பக்கம் விழுந்திருக்கிறது. நேரம் நண்பகல் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, எந்த மாதமாக இருக்கும் என்று கேட்டேன்.

பாதி வகுப்பு உடனே கிழக்கு என்றது. வட அரைக்கோளத்தில் மதிய நிழல் வடக்கே விழும், ஆகவே இடப்பக்கம் வடக்கு, கமரா பார்ப்பது கிழக்கு. ஐரோப்பாவில் எடுத்த படமென்றால் அது முழுக்கச் சரி. நாங்கள் இருப்பதோ ஏறத்தாழ 7½ பாகை வடக்கில். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எங்கள் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும், செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வரும், இடையில் உள்ள மாதங்களில் இங்கே மதிய நிழல் தெற்குப் பக்கம்தான் விழும்.

இதை நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே மட்டக்களப்பு வாவிக்கு (கடனீரேரிக்கு) மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, “கிழக்கைப் பார்த்து எடுத்தா மலை எப்படி வரும் சேர்? வாவியும் கடலும்தானே அந்தப் பக்கம்?” என்று கேட்டாள். அவ்வளவுதான், வகுப்பே திரும்பிவிட்டது. மலை இருப்பது மேற்கில், அப்படியென்றால் இடப்பக்கம் தெற்கு, நிழல் தெற்கே விழுகிறது, ஆகவே மாதம் ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில். அதோடு அவள் விடவில்லை. பச்சையாக நிற்பது நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் காணி, காய்ந்து கிடப்பது மானாவாரி, அங்கே மாரி மழையில் பெரும்போகம் மட்டும்தான் செய்வார்கள், இது வெயில் காலத்தில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்து வேளாண்மை என்றாள். மற்றவர்கள் ஒன்று வளமான மண், மற்றது வளமில்லாத மண் என்று எழுதி வைத்திருந்தார்கள்!

படத்தை முன், நடு, பின் என்று பிரித்து இருப்பதை எழுதுவது தேவைதான், பரீட்சையில் புள்ளியும் அதற்கு உண்டு. ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். எப்போது எடுத்த படம் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன், குறிப்பாக எங்கள் பக்கத்தில், ஏனென்றால் இங்கே ஒரே இடம் மழைக்கு ஒரு மாதிரியும் வெயிலுக்கு வேறு மாதிரியும் இருக்கும்.

வாவிப் படங்களும் அப்படித்தான். வரட்சிக் காலத்தில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும், அந்த நேரத்துப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளை கடலோடு தொடர்பில்லாத நீர்நிலை என்று எழுதிவிடும். மாரியில் வயலெல்லாம் வெள்ளம் ஏறினால் ஆற்றுவாயை, அதாவது அந்த முகத்துவாரத்து மணலை, வெட்டிவிடுகிறார்கள். முகத்துவாரப் பக்கம் பாலமீன்மடுவில் ஒரு மீன்பிடிக்கிற ஐயாவிடம் என் போனில் இருந்த ஒரு முகத்துவாரப் படத்தைக் காட்டினேன், எங்கே எடுத்தது என்றுகூடக் கேட்கவில்லை, “வெட்டி ரெண்டு மூணு நாள் இருக்கும் தம்பி” என்றார். கண்டல் மர வேர்களில் தண்ணீர் இறங்கிய ஈரத்தடம், கடலுக்குள் விரிந்து கிடந்த கலங்கல் நீர், இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை வகுப்பில் போடும்போதெல்லாம் அந்த ஈரத்தடத்தில் இருந்துதான் தொடங்குகிறேன்.

சரி, ஒரு உதவி கேட்கிறேன். அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தை ஒரே இடத்தில் நின்று ஜனவரியில் ஒன்றும் ஓகஸ்டில் ஒன்றும் எடுத்திருந்தால் போடுங்கள். தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் கரையையும் பட்டமரங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். மாதம், நேரம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், பிள்ளைகள் சொல்லும் விடையைச் சரிபார்க்க எனக்கு அது வேண்டும்.