லட்சத்தீவுல மினிக்காய் மட்டும் ஏன் வேற மாதிரி?

மடிவாளா மணி: பெங்களூர்ல இருந்து டிசம்பர்ல லட்சத்தீவு போலாம்னு ரூம்மேட்ஸோட பிளான், மினிக்காய்ல பாஷையே வேறன்னு ஒருத்தன் அடிச்சு சொல்றான், அங்க எல்லாரும் மலையாளம் தானே?

தெக்கத்திக்காரன்: மத்த தீவுல மலையாளத்தோட வட்டார வழக்கு, ஜெசரின்னு சொல்வாங்க. மினிக்காய்ல மஹல், அது மாலத்தீவு திவேஹி குடும்பம் ப்ரோ. மேப் பாருங்க, நடுவுல ஒன்பது டிகிரி கால்வாய், சுமார் 200 கிமீ அகலம், அதான் தனியா கிடக்கு. அங்க மாசி கண்டிப்பா வாங்குங்க, சூரை மீனை (டூனா) அவிச்சு புகை போட்டு கட்டை கணக்கா காய வெச்சிருப்பாங்க, தேங்காயோட இடிச்சு சம்பல் பண்ணா சோறு பத்தாது.

கோரமங்களா அக்கா: தம்பி, மொதல்ல பெர்மிட் எடுங்க, கப்பல் கொச்சில இருந்து. 1885ல கட்டுன லைட்ஹவுஸ விட்றாதீங்க. அப்புறம் மினிக்காய்ல மதுவிலக்கு.

மடிவாளா மணி: அக்கா, கடைசி மேட்டர பசங்ககிட்ட எப்படி சொல்றது 😅