மறு: சாவொழிந்த உலகத்துச் சொற்கள் – ‘களைதல்’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று வந்த மடல்களை எல்லாம் இரவு உட்கார்ந்து படித்தேன். ஒரு நாவலில் வரும் ‘கிளீனிங்’ (gleaning) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் ‘களைதல்’ பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். முடிவாகிவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை.

இழையில் இன்றுதான் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக. நீல் ஷஸ்டர்மேன் எழுதிய ‘சைத்’ (2016) என்ற இளையோர் நாவலை எங்கள் பெங்களூர் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்குப் பகுதி பகுதியாகத் தமிழில் சொல்லி வருகிறேன். அந்த உலகத்தில் நோயாலோ மூப்பாலோ யாரும் சாவதில்லை. ஆட்சியை ஒரு செயற்கை அறிவு நடத்துகிறது. சாவை மட்டும் அதன் கையில் கொடுக்காமல் மனிதர்களே வைத்துக்கொண்டார்கள். மக்கள்தொகை எல்லை மீறாமல் இருக்க, ஆளுக்கு ஆண்டுக்கு 260 உயிர் என்ற கணக்கில் கொல்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் சைத் (scythe), நீண்ட பிடி போட்ட அரிவாள் என்று பொருள். அவர்கள் செய்வதற்குப் பெயர் ‘கிளீனிங்’. கொலை என்று அதைச் சொல்லக் கூடாது. ‘கிளீனிங்’ என்று அப்படியே தமிழில் எழுதினால் வீடு துடைப்பது போல இருக்கிறது, அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

> களை என்பது உழவுச் சொல். குறளிலேயே இருக்கிறது. அரசு செய்யும் கொலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

குறளில் இருக்கிறது என்பதுதான் ஐயா என் தடையே. ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறது 550ஆம் குறள். கொடியவர்களை அரசன் தண்டிப்பது, பயிரைக் காப்பாற்றக் களை பிடுங்குவது போன்றது. அங்கே களை என்றால் குற்றவாளி. இந்தக் கதையில் சாகிறவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். ஒரு சைத், மனிதர்கள் இயற்கையாகச் செத்துக்கொண்டிருந்த காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். எந்த வயதில் எதனால் எத்தனை பேர் செத்தார்கள் என்ற பழைய கணக்கு யார் மேல் விழுகிறதோ, அவர் போகவேண்டியதுதான்.

போன சனிக்கிழமை சோதனைக்காக ‘களைந்தார்கள்’ என்றே வைத்துச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் அல்சூர் ஏரிப்பக்கம் உள்ள வள்ளுவர் சிலைக்கு எதிரே உட்கார்ந்து செங்கோன்மை அதிகாரத்தை மனப்பாடம் பண்ணியவர்கள். 18 ஆண்டு மூடியே கிடந்து 2009இல் திறந்தார்களே, அதே சிலைதான். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி உடனே கேட்டாள்: “அந்த அண்ணன் என்ன தப்பு பண்ணாரு?”

அந்த இடத்திலேயே ‘களைதல்’ எனக்கு முடிந்துபோயிற்று. செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு, கொன்றவனைக் காவல்காரனாக நிறுத்திவிடுகிறது அந்தச் சொல்.

சரி, ‘gleaning’ என்ற மூலச்சொல்லுக்கு வருகிறேன். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்வதுதான் அதன் பொருள். தமிழ் விவிலியத்தில் ரூத் செய்வது அதுதான், கதிர் பொறுக்குவது. கொலைக்கு எதற்கு இந்தப் பெயர் என்பதை நாவலே சொல்லிவிடுகிறது. வயலில் விட்டுவைப்பது ஒரு தருமம். அந்தத் தருமத்தின் பெயரைக் கொலைக்குச் சூட்டிக்கொண்டார்கள். அப்படியானால் நம் சொல்லும் காதுக்கு இதமாக இருந்தாக வேண்டும். உள்ளே கத்தியும் இருக்க வேண்டும்.

வட்டத்துக்குப் பேரனை அழைத்துவரும் பாட்டி ஒருவர், கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர், ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எல்லாம் எடுத்தப்புறம் கெடக்கறதப் பொறுக்கறதா? தப்புக்கடலதான?” என்றார். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிய பிறகு ஒரு மழை பெய்து மண் இளகினதும், பொம்பளைகளும் பிள்ளைகளும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்குவார்களாம். மண்ணுக்குள் தங்கிவிட்ட காயைக் கொத்தி எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். சிலது முளைவிட்டிருக்குமாம், அது தனி ருசி என்றார். அறுவடைக்குத் தப்பியது, அதனால் தப்புக்கடலை.

இரண்டு நாளாக அந்தச் சொல்லே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழை, தப்பு, தவறு மூன்றும் நமக்குக் குற்றம் என்ற ஒரே பொருள்தான். ஆனால் பிழைத்தவர் உயிரோடு இருப்பவர், தப்பியவரும் உயிரோடு இருப்பவர், தவறிவிட்டவர் செத்தவர். சாவொழிந்த உலகத்தில் எல்லாரும் தப்புக்கடலைதான். இயற்கையின் அறுவடைக்குத் தப்பி மண்ணுக்குள் கிடக்கிறார்கள். தப்பியதுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆனால் வினையாக்கினால் ‘தப்பெடுத்தல்’ ஓடவில்லை. ‘பொறுக்குதல்’ இன்னும் மோசம். “உன்னைப் பொறுக்க வந்திருக்கிறேன்” என்றால் சகித்துக்கொள்ள வந்தவர் போல இருக்கிறது. எந்தக் கலைச்சொல்லையும் வாசலில் நின்று ஒருவர் சொல்வதுபோல ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

“நான் உங்களைக் கொய்ய வந்திருக்கிறேன்.”

மும்பை நண்பர் முதல் நாளே ‘கொய்தல்’ என்று எழுதியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பூக்கொய்தோம், தினை கொய்தோம், தலை கொய்தோம். மூன்றுக்கும் ஒரே வினை. மென்மையும் கொடுமையும் அதற்குள்ளேயே இருக்கின்றன, நாம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி: கன்னடத்தில் அறுவடைக்குக் ‘கொய்லு’ என்பார்கள். மழைநீர் சேகரிப்புக்கு ‘மளெ கொய்லு’ என்று இங்கே பலகை வைத்திருக்கிறார்கள். தமிழை வீட்டில் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகூட ‘கொய்தார்’ என்றதும் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் பொறுக்குவது என்ற நுட்பம் இதில் போய்விடுகிறது, உண்மைதான். அதற்காக இதை விடச் சம்மதமில்லை.

ஆளுக்கு என்ன பெயர்? ‘அரிவாளர்’ கூடாது. அரிவாள் நம் திரையில் வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. நான் ‘கூற்றர்’ என்கிறேன். உடலையும் உயிரையும் கூறுபோடுவதால் எமனுக்குக் கூற்று என்று பெயர். ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று சிலம்பின் பதிகத்தில் அரசும் அறமும் சாவும் ஒரே வரியில் நிற்கின்றன. இந்த நாவலின் சிக்கலும் அந்த மூன்றும்தான்.

> கூற்று என்றால் இன்று ‘சொன்னது’ என்றுதானே படிப்பார்கள்?

‘அவரது கூற்று’ என்றால் அப்படித்தான். ‘கூற்றர் வந்தார்’ என்று படிக்கும்போது யாருக்கும் குழப்பம் வராது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும், மரியாதையும் கூடவே வருகிறது. பயில்பவர்களைப் ‘பயிற்சிக் கூற்றர்’ எனலாம்.

மற்றவை விரைவாக. செத்தபின் மருத்துவ நிலையத்தில் எழுப்பப்படுவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், ‘செத்துப் பிழைத்தல்’ இருக்கிறது. ‘தண்டர்ஹெட்’ (Thunderhead) என்ற அந்தச் செயற்கை அறிவு ‘இடிமுகில்’; கணினியில் முகில் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். கொய்யப்பட்டவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பாதுகாப்பை ‘எதிர்ப்பாற்றல்’ என்றால் தடுப்பூசி ஆகிவிடும், ‘அபயம்’ என்று வைத்திருக்கிறேன். ‘சாவுக்குப் பிந்தைய காலம்’ வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ‘சாவொழிந்த காலம்’ போதும்.

சனிக்கிழமை அடுத்த பகுதி. ‘களைதல்’ தரப்பில் இன்னும் யாருக்காவது சொல்ல இருந்தால் வெள்ளி இரவுக்குள் எழுதுங்கள். தப்புக்கடலைக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள், பாட்டி கேட்கச் சொன்னார்.