ப்ரமோஷன் வாங்கிய கிளப்பை எப்படி மூடினார்கள்? கீழ் லீக் சம்பளக் கணக்கு புரியவில்லை

சனிக்கிழமை ஆட்டம்:
ரெக்ஸம் கிளப் 2023, 2024, 2025 என்று வரிசையாக மேலே ஏறியதிலிருந்து இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் டிவிஷன்களையும் விடாமல் பார்க்கிறேன். பழைய செய்திகளைத் தேடும்போது பெரி கிளப்பின் கதை கண்ணில் பட்டது. 1885-ல் தொடங்கி, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். 2019-ல் லீக் டூவில் (நான்காம் அடுக்கு) இரண்டாவதாக வந்து லீக் ஒன்னுக்கு (மூன்றாம் அடுக்கு) ஏறுகிறார்கள், அதே ஆகஸ்டில், அந்த சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல், பணச் சிக்கலால் லீக்கிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்ததாம். இருந்துமா இப்படி?

கணக்குப்பிள்ளை:
வரம்பு இருந்தது, ஆனால் தொகையாக இல்லை, விகிதமாக. லீக் ஒன்னில் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போகக் கூடாது, லீக் டூவில் அதைவிடக் குறைவு. சரி, வருமானம் என்றால் எது? டிக்கெட் காசு, ஸ்பான்சர் காசு என்று நினைப்போம். முதலாளி நன்கொடையாகவோ பங்கு முதலாகவோ போடும் பணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள அப்போதைய விதி இடம் கொடுத்தது. கோளாறே அங்கேதான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். ஆட்டத்துக்கு 4,000 பேர், தலைக்கு 15 பவுண்டு, சொந்த மைதானத்தில் 23 ஆட்டம்: 13.8 லட்சம் பவுண்டு. 20 ஆட்டக்காரர்கள், வாரம் 1,500 பவுண்டு, 52 வாரம்: 15.6 லட்சம். கேட் வசூல் சம்பளத்துக்கே போதவில்லை, மின்சாரம், பயணம், போலீஸ் செலவெல்லாம் அப்புறம். மிச்சத்தை முதலாளி போடுகிறார். அவர் கை ஓய்ந்தாலும் சம்பளம் ஓயாது, ஏனென்றால் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாகியிருக்கும். பெரி 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. மைதானம் ஏற்கெனவே அடமானத்தில். சம்பளம் வராமலே அந்தப் பையன்கள் ஆடி ப்ரமோஷன் வாங்கிக் கொடுத்தார்கள், அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வடக்கு ஸ்டாண்ட்:
கடன்காரர்கள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கிளப் நொடித்தால் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் முழுப் பாக்கியும் தர வேண்டும் என்பது லீக் விதி. பெரி போட்ட கடன்தீர்வு ஒப்பந்தத்தில் மற்றவர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ். மைதானத்தில் வேலை செய்துவிட்டுப் பில் கொடுத்த உள்ளூர் ஆளுக்குக் கால் பங்கு என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

2019 ஆகஸ்ட் 27 காலையில் கிக் லேன் மைதானத்துக்கு நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்தார்கள். வாங்க ஒரு நிறுவனம் வந்திருக்கிறது, சனிக்கிழமை ஆட்டம் இருக்கலாம் என்று நாற்காலி நாற்காலியாகத் துடைத்தார்கள். அன்றே அந்த நிறுவனம் பின்வாங்கியது, இரவில் வெளியேற்ற அறிவிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை ஆட்டம்:
அப்படியானால் இத்தனை பவுண்டுதான் என்று நேராக ஒரு தொகையை வைக்க வேண்டியதுதானே?

கணக்குப்பிள்ளை:
வைத்தார்கள். 2020 ஆகஸ்டில் லீக் ஒன்னுக்கு 25 லட்சம், லீக் டூவுக்கு 15 லட்சம் என்று கிளப்புகளே ஓட்டுப் போட்டு முடிவெடுத்தன. ஆட்டக்காரர் சங்கம் வழக்காடியது, 2021 பிப்ரவரியில் நடுவர் குழு அந்த வரம்பை ரத்து செய்தது. பழையபடி விகிதக் கணக்கு. ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுடைய சம்பளத்தில் கை வைக்கும்போது முதலில் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இடது விங்:
எக்ஸிட்டர் சிட்டியைப் பாருங்கள். 2003-லிருந்து ரசிகர் அறக்கட்டளைதான் நடத்துகிறது. 2005 ஜனவரியில், மேல் நான்கு அடுக்குக்கே வெளியே இருந்த நேரத்தில், எஃப்ஏ கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய் 0-0 என்று நின்றார்கள். அந்த வசூல் பங்கும் மறு ஆட்டத்தின் வருமானமும் பழைய கடனை அடைக்கக் கைகொடுத்தன. அப்புறம் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் அகாடமி. அங்கே வளர்ந்த ஆலி வாட்கின்ஸை 2017-ல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோதே மறுவிற்பனையில் பங்கு கேட்டு வைத்திருந்தார்கள், 2020-ல் அவர் ஆஸ்டன் வில்லா போனபோது அது வந்தது. மெதுவான வழிதான், ஆனால் யாருடைய பாக்கெட்டையும் நம்பி நிற்கவில்லை.

வடக்கு ஸ்டாண்ட்:
பெரியும் 2023-ல் கிக் லேனுக்குத் திரும்பிவிட்டது. ஒன்பதாம் அடுக்கில் ஆடியபோதே மூவாயிரம் பேர் வந்தார்கள்.